மூன்றாம் மாதத்துக் கிரகணம்

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வயசுப் பையன்கள் அரைஞாண் கயிறு ஒன்றோடு வாசலெல்லாம் தவழ்வார்கள். சுதர்சனின் மகன் ரூபேஷ் மட்டும் சித்திரை வெயிலிலும் கால்சட்டையோடுதான் இருந்தான். யாராவது தூக்கிக் கொஞ்ச வந்தால் ஸ்வாதி முதலில் அதன் நாடாவைத்தான் சரிபார்ப்பாள். பிள்ளைக்கு மூத்திரத் துவாரம் நுனியில் இல்லை, அடியில் இருந்தது. விதைகளில் ஒன்று கீழே இறங்கவே இல்லை. வீட்டில் இது மூன்று பேருக்குத்தான் தெரியும்: சுதர்சனுக்கு, அவன் மனைவி ஸ்வாதிக்கு, அவன் அம்மா வெங்கடம்மாவுக்கு.

காரணத்தை வெங்கடம்மா பிள்ளை பிறந்த அன்றே கண்டுபிடித்துவிட்டாள். அதற்கு முந்தின தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணம் பிடித்தது. ஸ்வாதிக்கு அப்போது மூன்றாம் மாதம். தூறல் போடுகிறதே என்று மாடிக்கு ஓடித் துணியை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"வயித்துப் புள்ளக்காரி கிரகணத்துல வெளிய போவலாமா? இப்ப பாரு, எம் பேரனுக்கு இன்னா ஆச்சுன்னு!"

ஒரு வருஷமாக இதே பாட்டு. ஸ்வாதி அதை நம்பிவிட்டாள். பரிகாரமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தாள்.

சுதர்சனுக்கு வேறு ஒன்று தெரியும். அவர்களுடையது உரமும் பூச்சி மருந்தும் விற்கிற கடை. பேத்தமங்களாப் பக்கத்துத் தக்காளிக்காரர்களில் பாதிப்பேருக்குக் கால் ஏக்கர், அரை ஏக்கர்தான். ஐந்து லிட்டர் களை மருந்தை அவர்கள் என்ன செய்வார்கள்? கேனைத் திறந்து காலி குவார்ட்டர் பாட்டில்களில் ஊற்றிக் கொடுப்பது அவன் அப்பா காலத்து வழக்கம். சட்டத்துக்கு ஆகாதுதான், ஆனால் வியாபாரத்துக்கு ஆகும். ஸ்வாதி உண்டானதும், குடம் தூக்க வேண்டாம், படி ஏற வேண்டாம், உட்கார்ந்த வேலையாகப் பார்க்கட்டும் என்று குடோனில் முக்காலி போட்டுப் புனலைக் கையில் கொடுத்தவன் அவன். அன்பாகத்தான் செய்தான், பாவி. வாடை குமட்டுகிறது என்றாள். "மசக்கையில சோறே குமட்டும்" என்று சிரித்தான். நான்கு மாதம் வெறுங்கையால் ஊற்றினாள்.

பிள்ளையைப் பார்த்த அன்றே குடோனுக்குப் போய் அந்தக் கேனைத் திருப்பினான். கர்ப்பிணிப் பெண்கள் கையாளக் கூடாது என்று கன்னடத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. பத்து வருஷமாக விற்ற கேன். ஒருநாளும் படித்ததில்லை. படித்த பிறகாவது சொன்னானா? கிரகணம் அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சுதர்சனும் ஸ்வாதியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோலார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் லவினா பக்கத்துச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் பிறந்தவர், தமிழிலேயே பேசினார்.

"இன்னா கடை வெச்சிருக்கீங்க?"

"உரக்கடைங்க."

"இவங்க மாசமா இருக்கும்போது மருந்து ஏதாச்சும் கைல தொட்டாங்களா?"

"இல்லீங்க" என்றான் சுதர்சன். ஸ்வாதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கடை லைசென்ஸுக்குப் பயந்து சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் தேதியை எழுதும்போது அவளாகவே கேட்டாள். "டாக்டர், இவனுக்கு ஆபரேஷன் ஆனதும் எனக்கும் குடும்பக் கட்டுப்பாடு செஞ்சுடுங்க."

"உனக்கு இருபத்தி நாலு வயசுதாம்மா ஆவுது. ஏன் இப்படி?"

"கிரகணத்துல வெளிய போனவ நானு. என் பாவம் இன்னொரு புள்ள மேல விடிய வேணாம்."

சுதர்சனுக்கு இனியும் வாயைத் திறக்காவிட்டால் தான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. குடோன், முக்காலி, புனல், லேபிள் எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான்.

டாக்டர் பேனாவை மூடினார். "அதனாலதான்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது. ஆம்பளப் புள்ளைக்கு இந்த உறுப்பு உருவாவுறதே மூணாவது மாசத்துலதான் ஆரம்பம். சில களை மருந்து அந்த நேரத்துல உள்ள போனா எலிக்குட்டிங்களுக்கு இப்படி ஆவுதுன்னு பாத்திருக்காங்க. மனுஷங்க விஷயத்துல இன்னும் உறுதியா தெரியல. ஆனா ஒண்ணு, கிரகணத்துக்கும் இதுக்கும் துளி சம்பந்தம் இல்லம்மா. நீ ஒரு தப்பும் செய்யல."

ஸ்வாதி அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை.

"லேபிள எப்போ படிச்சீங்க?"

"இவன் பொறந்த அன்னிக்கு."

"அத்தை என்னைப் பேசும்போதெல்லாம் பக்கத்துல உக்காந்து சாப்ட்டுகினுதான இருந்தீங்க?"

சுதர்சன் கூனிக் குறுகிப்போனான். அவன் மடியிலிருந்த ரூபேஷை அவள் தூக்கிக்கொண்டாள். டாக்டர் வழக்கப்படி பிள்ளையின் ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தை அப்பா பக்கம் நகர்த்தினார். ஸ்வாதி அதைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"ஆபரேஷன் பத்தி இனிமே எங்கிட்ட சொல்லுங்க டாக்டர்" என்றாள். "அவர் வெளிய இருக்கட்டும்."