குருத்தோலை கட்டிய பெட்டி

"அதான் கிளம்பிருச்சே, இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? கழுத்து சுளுக்கிக்கிட்டா நான் நீவிவிட மாட்டேன், சொல்லிட்டேன்."

"நீ நீவிவிட்டா இருக்கிற கழுத்தும் போயிரும் மச்சான். ஒழுங்கா முன்னால பாத்துப் படக ஓட்டு."

சவெனாதா சிரித்துக்கொண்டே மோட்டாரை முடுக்கினான், அகனிசி அப்போதும் உட்காரவில்லை, நடுப்பலகையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தாள், கப்பல் துறையை விட்டு நன்றாக விலகி, ஒரு வெள்ளைத் துண்டுபோலச் சிறுத்து, தலைநகர் சூவா இருக்கும் திசைக்கு மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தது, அதன் வயிற்றுக்குள் எங்கோ இருட்டில் அவளுடைய சீமைப்பலா மாவு மூட்டைகள்... நனையாமல் வைத்திருப்பார்களா, மேலே யாராவது சேனைக்கிழங்கைத் தூக்கிப் போட்டிருப்பார்களோ, போடட்டும், போனால் சரி, போய்விட்டது, உண்மையாகவே போய்விட்டது, நாளைக்கு மாவு வாங்கும் ரொட்டிக்கடைக்காரர் வந்து இறக்கிக்கொள்வார், இனிமேல் அதை யாரும் அவளிடம் கேட்க முடியாது... எவ்வளவு விசித்திரம், ஒரு பொருளைச் செய்துமுடித்த சந்தோஷத்தைவிட அது கண்ணுக்கு எட்டாத தூரம் போன சந்தோஷம் பெரிதாக இருக்கிறதே, இப்படியும் ஒரு மனசு இருக்குமா, ஒரு தாய்க்குப் பிள்ளை ஊரைவிட்டுப் போனால் அழுகைதானே வரும், இவளுக்கு மூச்சு வருகிறது, விலா எலும்புகளுக்கு நடுவே இத்தனை நாள் சுருட்டி வைத்திருந்த பாயை யாரோ விரித்துப் போட்டதுபோல.

போன பருவத்தில் அப்படியா இருந்தது... பெட்டி புதிதாக வந்திருந்தது அப்போது, தூரத்துத் தீவுகளில் புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு உதவுகிற சூவா அலுவலகம் அனுப்பிய உலர்த்தும் பெட்டி, கண்ணாடிக் கூரை, வெயிலிலேயே சுற்றும் சின்ன விசிறி, உள்ளே தட்டுத்தட்டாக வலை. மரத்தடியில் விழுந்து அழுகி, பன்றிகூட முகர்ந்துவிட்டுப் போகும் சீமைப்பலாவை அவித்து, சீவி, அதற்குள் உலர்த்தி மாவாக்கலாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான், அவிக்காமல் உலர்த்தினால் கறுத்துப்போகிறது என்று கண்டுபிடித்ததும் அவள்தான், மாவு திரண்டு வெள்ளையாக மூட்டைகளில் நின்றபோது ஊரே வந்து கையை விட்டுப் பார்த்தது. அப்புறம் வீட்டுக்காரரின் பெரியப்பா இறந்தார். அத்தை வந்தாள், வாசலோரம் கால் மடக்கி உட்கார்ந்தாள், கொஞ்சநேரம் மழையைப் பற்றிப் பேசினாள், பிறகு மெதுவாக, கெரெகெரே, அகனிசி, சாவுக்கு வர்றவங்களுக்குப் போட ஒண்ணுமில்ல... கெரெகெரே என்று ஒரு சொந்தம் வாய்திறந்து கேட்டுவிட்ட பிறகு இல்லை என்கிற சொல்லுக்கு நாக்கில் இடம் ஏது, கேட்கிறவளுக்கு அதில் கூச்சமில்லை, கொடுக்கிறவளுக்கும் கணக்கில்லை, மறுக்கிறவளுக்குத்தான் முகமே இருக்காது. மூட்டைகள் போயின. சாவு வீட்டில் அந்த மாவில் நல்ல புடிங்கு அவித்தார்கள், எல்லோரும் புகழ்ந்தார்கள், அவளும் இரண்டு துண்டு சாப்பிட்டாள், ருசியாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

சூவா அலுவலகத்திலிருந்து லிதியா என்ற பெண் வந்து கொட்டகையைத் திறந்து பார்த்தபோது வெறும் சாக்குகள். அந்தப் பெண் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை, "அக்கா, அடுத்த பருவமும் மாவு வரலன்னா பெட்டிய வேற தீவுக்குக் கொடுத்துருவாங்க. என் கையில ஒண்ணுமில்லக்கா" என்று கண்ணாடியைத் தடவிக்கொண்டே சொன்னாள். பிறகு பயிற்சிக்கு என்று சூவாவுக்கு அழைத்தார்கள், இல்லை என்று சொல்லப் பழகும் பயிற்சி, நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, வெவ்வேறு தீவுக்காரர்களை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் இல்லை என்று சொல்ல வேண்டும், அகனிசிக்கு எதிரே கோரோ தீவுக்காரி ஒருத்தி, தேன் வியாபாரம், இருவரும் மாறிமாறி இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லித் தொண்டை வறண்டு, லிதியா கைதட்டிப் பாராட்டினாள், தேநீருக்கு வெளியே வந்தால் மழை, கோரோக்காரி அவள் குடையைப் பார்த்து, "கெரெகெரே, சந்தை வரைக்கும் போகணும்" என்றாள், அகனிசி நீட்டிவிட்டாள். குடை இப்போது கோரோவில் இருக்கிறது.

"என்ன தனியா சிரிக்கிற? மாவு போன துக்கத்துல கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"உன் மூஞ்சிய நெனச்சேன்."

"நெனச்சா சிரிப்பு வர்ற மூஞ்சிதான். ஊர்ல பாதிப் பொண்ணுங்களுக்குத் தூக்கம் வராது."

"கொறட்டை சத்தம் அவங்க வீடு வரைக்கும் கேக்குதோ என்னவோ."

மாமன் மகன் என்றால் இப்படித்தான், பிறந்ததிலிருந்து இதே வாய், இதே வம்பு, ஒருநாள் இரண்டு வார்த்தை ஒழுங்காகப் பேசிவிட்டால் ஊர் என்ன கோபமோ என்று கேட்கும். அவள் ஒருவழியாக உட்கார்ந்தாள், சாரல் முகத்தில் அடித்தது, துடைக்கத் தோன்றவில்லை. இடதுபக்கம் பவளப்பார் வந்தது, தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் கழிகள், ஒவ்வொன்றின் தலையிலும் காய்ந்த தென்னங்குருத்து, பழைய ஊர்த்தலைவர் இறந்ததிலிருந்து அந்தப் பகுதியில் யாரும் வலை போடுவதில்லை, தம்பு, மூடிய கடல். இங்கேதான், இதே படகில் வரும்போதுதான், அந்த யோசனை வந்தது. தேவாலயத்து மரத்திலேயே இளநீர் திருடுகிற இந்தச் சவெனாதாகூட அந்தக் கழிகளைச் சுற்றிக்கொண்டுதான் போகிறான், ஒரு ஓலை, வாயில்லாத ஓலை, அது சொல்கிற இல்லை யாருக்கும் வலிப்பதில்லை, யாரும் யாரிடமும் முகம் திருப்பிக்கொள்வதில்லை... அப்படியென்றால் என் இல்லையை நான் ஏன் சொல்ல வேண்டும்?

தலைவரிடம் ஒன்று கேட்கப் போகிறவர்கள் காணிக்கையாக வைக்கும் யங்கோனா வேரைக் கட்டாகக் கட்டி, அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாயில் வைத்து, பெட்டிக்கும் ஓர் ஓலை கட்டித் தரச் சொல்லிக் கேட்டாள். தலைவர் வேரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "மீனுக்குக் கட்டியிருக்கோம், தென்னைக்குக் கட்டியிருக்கோம். மாவுக்குன்னு யாரும் வந்து கேட்டதில்லயே, மகளே" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. "கப்பல் வர்ற வரைக்கும்தான். கப்பல் போன அன்னிக்கு அவுத்துரணும்." மறுநாள் அவரே வந்து உலர்த்தும் பெட்டியின் காலில் பச்சைக் குருத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

அப்போதும் அவள் நம்பவில்லை, போன வாரம்வரை நம்பவில்லை, போன வாரம்தான் பக்கத்து ஊரில் சாவு, அத்தை வந்தாள், அதே நடை, அதே மெல்லிய தொண்டைச் செருமல், மூட்டைகள் மேல்வரை நிரம்பி நிற்கின்றன, பெட்டியும் போகப்போகிறது, எல்லாம் போகப்போகிறது... அத்தை கொட்டகை வாசலில் நின்றாள், குருத்தைப் பார்த்தாள், குனிந்து முடிச்சைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். "நல்லாக் கட்டியிருக்காரு" என்றாள். "சரி, பாய் இருந்தா ரெண்டு குடு." கோபமில்லை, முணுமுணுப்பில்லை, பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனாள், போகும்போது கொல்லையில் பழுத்த பப்பாளி இருக்கு வந்து பறிச்சுக்கோ என்றாள். அன்றைக்கு அகனிசி பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இவ்வளவுதானா, இவ்வளவு எளிதா என்று...

மோட்டார் சத்தம் தணிந்தது. முனை திரும்பியதும் ஊர் தெரிந்தது, தேவாலயத்தின் சிவப்புக் கூரை, அதற்கு அப்பால் அவள் கொட்டகை, பெட்டிக் கண்ணாடி ஒருதரம் மின்னியது.

"அந்தப் பெரிய விடுதிக்காரன் மறுபடி ஆள் அனுப்பினான்" என்றான் சவெனாதா, வம்பில்லாத குரலில். "வெளிப்பார் மீனு ஐஸ் போட்டு வாரம் தவறாம வேணுமாம். நானும் சரின்னு சொல்லிட்டுத்தான் இருக்கேன். காலைல வலையெல்லாம் ஏத்தி வச்சிருப்பேன், யாராச்சும் வந்து நிப்பாங்க. ஒருநாள் பாதிரியாரு, ஒருநாள் பள்ளிக்கூடம், யாரோ மருமகளுக்குப் பல்வலி, இன்னிக்கு..." நிறுத்திக்கொண்டான்.

"இன்னிக்கு நான்."

"சேச்சே, உன்னச் சொல்லல."

ஆனால் அவள்தானே... நேற்றுச் சாயங்காலம் அவன் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது போய் நின்று, யோசிக்கக்கூட இல்லை, கெரெகெரே மச்சான், நாளைக்கு மூட்டைகளைத் துறைக்கு, என்றாள், அவன் வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தான், எண்ணெய் யார் ஊற்றுவது என்றுகூடப் பேச்சு வரவில்லை. மரமேறிக் காய் பறித்த பையன்கள், சாக்குத் தைத்த பெண்கள், இன்று இடுப்பளவு தண்ணீரில் மூட்டை சுமந்தவர்கள், எல்லோரிடமும் அதே ஒரு சொல்லைத்தானே நீட்டினாள், ஒருவர் முகத்திலும் இல்லை வரவில்லையே, மாவு மிஞ்சியது ஓலை சொன்ன இல்லையால், சரி, ஆனால் கப்பல்வரைக்கும் போனது... எதில் போனது? கையைத் தண்ணீரில் விட்டாள், வெதுவெதுப்பாக இருந்தது, நிம்மதி இன்னும் போகவில்லை, அது அங்கேயேதான் இருந்தது, அதற்குள் சின்னதாக ஏதோ ஒன்று, செருப்புக்குள் மணல்போல.

கரையில் பிள்ளைகள் கையசைத்தார்கள். சவெனாதா மோட்டாரை நிறுத்தினான், படகு அதன்பாட்டுக்கு மிதந்து சென்றது, அலை பலகையில் தட்டும் சத்தம் மட்டும்.

"சாயங்காலம் தலைவர் வந்து ஓலைய அவுப்பாருல்ல" என்றான், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "நான் போய்க் கேட்டா சிரிப்பாங்க. நீ கேட்டுக் கட்டினவ." வாயைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவளைப் பேர் சொல்லி அழைத்தான், எத்தனை காலத்துக்கு அப்புறம்.

"கெரெகெரே, அகனிசி. என் படகுக்கும் ஒண்ணு கட்டச் சொல்லேன்."