ஓட விடாதே

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிய்யா, நிலை இடிக்குது பாரு" என்று பல் டாக்டர் போட்ட சத்தத்தில் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்பீக்கர் பெட்டியின் ஒரு முனை அவர் கையிலும் இன்னொரு முனை ஸ்கூல் வேன் டிரைவர் கையிலும் இருந்தது. பின்னால் எலக்ட்ரிக்கல் கடைக்காரர் தோளுக்கு ஒன்றாக இரண்டு கிட்டார்களும் கையில் மூன்றாவதுமாக, உள்ளே வரவும் முடியாமல் வெளியே போகவும் முடியாமல் நின்றார்.

டீச்சர் எழுந்து போனாள். தாழ்ப்பாளை நீக்கிக் கதவின் மற்றொரு பாதியையும் திறந்துவிட்டாள்.

"அட, இதுவும் திறக்குமா?" என்றார் வேன் டிரைவர்.

ஒரு வருஷமாக வாராவாரம் இந்த வாசல் வழியாக வந்து போகிற ஆட்கள். பெட்டி உள்ளே வந்தது. நடுக்கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த டீச்சரின் வீட்டுக்காரரைப் பார்த்ததும் மூன்று பேரும் சத்தத்தை அடக்கிக்கொண்டார்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் போன உயிர். தேய்த்த சட்டை போட்டுத் தலை வாரியிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவரின் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு கிரீஸ் மட்டும் இன்றைக்கும் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று டீச்சர்தான் விட்டுவிட்டாள்.

பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். தெருவுக்கே டீச்சர்; கட்டினவருக்கும் டீச்சர்தான். விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாலும் குரலை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

"என்னம்மா நடக்குது இங்க?" நாத்தனார் கிட்டே வந்து கிசுகிசுத்தாள். புருஷனுக்கு மூத்தவள். தம்பி போன செய்தி கேட்டு கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். "பொணத்தை நடுவுல வச்சுக்கிட்டு கச்சேரியா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அவர்தான் கேட்டார் அக்கா."

"போற நேரத்துல ஆயிரம் கேப்பான்."

"இவர் ஒண்ணுதான் கேட்டார்."

தம்பி எதையும் கேட்டு வாங்குகிற ரகமில்லை என்பது நாத்தனாருக்கும் தெரிந்ததுதான்.

நேற்றுச் சாயங்காலம் அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இருதயம் இனி அதிக நாள் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியாகிவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி யாரும் நடிக்கவில்லை.

"டீச்சர், நான் போனதும் அவனுங்க மூணு பேரும் கிட்டாரைத் தூக்கிட்டு வருவானுங்க. தடுக்காத."

"நான் எதுக்குத் தடுக்கப்போறேன்?"

"ஆனா ஓட விடாத. 'மூணாவது மாடி' பாட்டை அவனுங்க ஒரு நாளும் ஒழுங்கான வேகத்துல வாசிச்சதில்ல. ஒரே ஒரு தடவை நிதானமா வாசிக்க வை."

"அதை நீங்க இருக்கும்போதே சொல்லலாமில்ல?"

"இருக்கும்போது சொல்லித்தான் பார்த்தாச்சே" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமல் அடங்கியதும், "செய்வியா?" என்று கேட்டார். செய்கிறேன் என்றாள். அந்த ஒரு வாக்குதான் இப்போது அவள் கையில் இருந்தது. மதியம் வண்டி வந்துவிடும். அதற்குள் அந்தப் பாட்டு ஒழுங்காக நடந்தாக வேண்டும்.

எலக்ட்ரிக்கல் கடைக்காரர் வயர்களைப் பிரித்துச் செருகினார். மூலையில் லிஃப்ட் மெக்கானிக்கின் பேஸ் கிட்டாரும் அவருடைய பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் நேற்று இருந்த இடத்திலேயே இருந்தன.

"அதையும் போட்டு விடுங்க" என்றாள் டீச்சர்.

"யாரு வாசிக்கப்போறாங்க அண்ணி?"

"போட்டு விடுங்க, சொல்றேன்."

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "நீங்கள்லாம் யாருப்பா? இவன்கூட எப்படிச் சேர்ந்தீங்க?" என்று நேராகவே கேட்டாள்.

இதுதான் சாக்கு என்று மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கதையை ஒருவர் சொன்னால் மற்ற இருவரும் குறுக்கே விழுவது வழக்கம். சாவு வீடு என்பதால் வழக்கம் மாறிவிடவில்லை.

"நான் காலேஜ் ஹாஸ்டல்ல கத்துக்கிட்டேன்" என்று ஆரம்பித்தார் பல் டாக்டர்.

"ஒரு பொண்ணுக்காக. அதையும் சொல்லுங்க" என்றார் வேன் டிரைவர். "அந்தப் பொண்ணு கடைசியில இவருக்கு கிட்டார் தூக்கிட்டு வந்தவனைக் கட்டிக்கிச்சு."

"உன் கதை ரொம்ப யோக்கியமோ?" என்றார் டாக்டர். "யாரோ வேன்ல மறந்துட்டுப் போன கிட்டார்ம்மா இவன் வச்சிருக்கிறது. திருப்பிக் கேக்க வர்ற வரைக்கும் சும்மா தட்டிப் பார்ப்போம்னு ஆரம்பிச்சான். இன்னிக்கு வரைக்கும் ஆள் வரல."

"வந்தா கொடுத்துடுவேன்" என்றார் வேன் டிரைவர். "இதோ இவர், புத்தகத்தைப் பார்த்துத் தானே கத்துக்கிட்டவர். ஒரு வருஷம் கிட்டாரை இடது வலது மாத்திப் பிடிச்சு வாசிச்சிருக்கார்."

"படத்துல அப்படித்தான் இருந்துச்சு" என்றார் எலக்ட்ரிக்கல் கடைக்காரர், வயரிலிருந்து தலையைத் தூக்காமல். "கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தா சரியா இருந்துச்சு."

மூலையில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"உங்க தம்பி கதைதான் பெரிய கதை" என்று பல் டாக்டர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "என் கிளினிக் மூணாவது மாடியில. சாயங்காலம் பூட்டிட்டு அங்கதான் வாசிப்போம். ஒரு நாள் லிஃப்ட் ரிப்பேர்னு வந்தார். அடியில பள்ளத்துல இறங்கி வேலை பார்த்துட்டு இருந்தவர், பாதியில விட்டுட்டு மாடியேறி வந்துட்டார். மேல வந்து நின்னு, 'பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா அடியில ஒண்ணுமே இல்லையே'ன்னார். கிட்டார்னு பார்த்தா ஏற்கெனவே மூணு பேர் இருக்கோம், பேஸுக்குத்தான் ஆள் இல்லன்னு சொன்னேன். அது என்னன்னு கேட்டார். அடிச்சத்தம் கொடுக்கிற கிட்டார், நாலே கம்பின்னேன். ரெண்டு கம்பி மிச்சமாச்சேன்னு அடுத்த வாரமே வாங்கிட்டு வந்துட்டார்."

"லிஃப்ட்?" என்று கேட்டாள் நாத்தனார்.

"அது இன்னும் ரிப்பேர்தான். அதனாலதான் அவரால மாடியேற முடியாமப் போனதும் நாங்க இங்க வந்து வாசிக்க ஆரம்பிச்சோம்."

நாத்தனார் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "இவன் வாசிப்பான்னே எனக்குத் தெரியாது."

"எங்களுக்கே பாதி நாள் தெரியாது" என்றார் பல் டாக்டர். "பாட்டு முடிஞ்சு நாங்க தண்ணி குடிக்கப் போகும்போது பின்னாடியிருந்து ஒரு 'தும்' வரும். எந்தப் பாட்டா இருந்தாலும் கடைசியா முடிக்கிறது அவர்தான். அந்த லேட்டை மட்டும் எங்களால மாத்தவே முடியல."

"சரி, உட்காருங்க" என்றாள் டீச்சர்.

மூவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வேன் டிரைவருக்கு எப்போதும் போல தம்ளர் அலமாரிக்குப் பக்கத்து நாற்காலி. 'மூணாவது மாடி' அவர்களே சேர்ந்து போட்ட மெட்டு. அதில் வரிகள் கிடையாது. பல் டாக்டர் தலையசைக்க, ஆரம்பித்தது.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. நாலு சுற்றுப் போவதற்குள் டாக்டரின் விரல்கள் முந்தின. விட்டுக்கொடுக்காமல் வேன் டிரைவரும் முந்தினார். எலக்ட்ரிக்கல் கடைக்காரர் இரண்டு பேரையும் துரத்திக்கொண்டு போனார்.

டீச்சர் கையைத் தட்டினாள். ஒரே தட்டு. மூன்று கிட்டாரும் நின்றன.

"எங்க ஓடுறீங்க மூணு பேரும்? முதல்லேர்ந்து."

மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி அதே இடத்தில் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். மறுபடி தட்டினாள். டாக்டர் கிட்டாரை மடியில் படுக்க வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மெதுவா வாசிச்சா அழுகை வருது அண்ணி" என்றார். "சீக்கிரம் முடிச்சுட்டா தேவலைன்னு இருக்கு."

காலையிலிருந்து எத்தனையோ பேர் வந்து டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னார்கள். இந்த டாக்டர் சொன்னதுதான் அவள் நெஞ்சில் இருந்ததும். அவளுக்கும் இந்த நாள் சீக்கிரம் முடிந்தால் தேவலை.

"வரட்டும்" என்றாள். "அழுதுக்கிட்டே வாசிங்க. வேகம் மட்டும் மாறக் கூடாது."

போய் மூலையிலிருந்த பேஸ் கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்து, கட்டிலின் தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். கனம் அவளுக்குப் பழக்கம்தான். அவருக்கு இடது கையில் தெம்பு குறைந்த பிறகு, சுருதி சேர்க்கும்போது அவர் வலது கையால் ஆணியைத் திருப்புவார். கம்பியை இவள் மீட்டுவாள். அவளுக்குத் தெரிந்த சங்கீதம் அவ்வளவுதான்.

"உங்களுக்கு வாசிக்க வருமா அண்ணி?" என்றார் எலக்ட்ரிக்கல் கடைக்காரர் மெல்ல.

"வராது. என் கையைப் பார்த்து வாசிங்க."

விரல் முட்டியால் கிட்டாரின் மரத்தில் தட்ட ஆரம்பித்தாள். டொக். டொக். டொக். இதை அவள் யோசித்து எடுக்க வேண்டியிருக்கவில்லை. சாயங்காலங்களில் அவர் கூடத்தில் தனியாக வாசித்துப் பழகும்போது, சமையலறையில் அவள் வெங்காயம் நறுக்கினால் கத்தி அந்தக் கணக்கில்தான் இறங்கும். முழுப் பாட்டும் எப்படி இருக்கும் என்று அவளுக்கு வெகுநாள் தெரியாது. அடியில் ஓடுவது மட்டும் தெரியும்.

மூன்று பேரும் அவள் கையைப் பார்த்தார்கள். பாட்டு மறுபடி கிளம்பியது.

இந்தத் தடவை ஓடவில்லை. டாக்டரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்து தாடையில் நின்றது. துடைக்கக் கை இல்லை. ஓடுகிற இடம் வந்தபோது அவர் விரல் துடித்ததை டீச்சர் பார்த்தாள். கொஞ்சம் அழுத்தித் தட்டினாள். விரல் அடங்கியது. மெட்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போனது. எவ்வளவு நல்ல மெட்டு என்று வாசிக்கிறவர்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி இருந்தது அவர்கள் முகம். நாத்தனார் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மெட்டு உச்சியைத் தொட்டு முடிந்தது. மூவரும் கையை எடுத்தார்கள்.

யாரும் அசையவில்லை. டாக்டர் வாயைத் திறக்கப் போனார். டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அந்த இடைவெளி எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். தினமும் தேநீர்த் தம்ளரோடு சமையலறை வாசலில் அவள் காத்து நின்ற இடைவெளி அது. அதற்கு முன்னால் கூப்பிட்டால் அவர் காதில் விழாது. ஒரு நாளும் அது கூடியதில்லை, குறைந்ததில்லை. லேட்டும் இல்லை.

காத்திருந்தாள். நேரம் வந்ததும் மேலே கிடந்த தடித்த கம்பியைக் கட்டைவிரலால் ஒரே ஒரு தடவை மீட்டினாள்.

பெரிய பெட்டி உறுமியது. தரை அதிர்ந்தது, கட்டில் அதிர்ந்தது. அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் கிணுகிணுத்தன; ஓரத்தில் இருந்த ஒன்று எப்போதும் போல விளிம்பை நோக்கி நகர்ந்தது. வேன் டிரைவர் திரும்பிப் பார்க்காமலேயே கையை நீட்டி, எப்போதும் போல, அதை உள்ளே தள்ளி வைத்தார்.