டயரை மாற்றியது யார்

டிப்போவில் டயர் பிரிவில் மூன்று வருடம், அதன் பிறகு டவுன் பஸ் ஸ்டீயரிங்கில் எட்டு வருடம் என்று காலம் தள்ளியவளை, மடக்கு நாற்காலியைப் போட்டு நிழலில் உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்?

"நீ ஏம்மா வெயில்ல நிக்கிற? இது ஆம்பளைங்க வேலை. நானும் மச்சானும் பாத்துக்கறோம்," என்றார் நாத்தனாரின் கணவர். அவர் கணக்கு வாத்தியார். படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் உள்ளேயே இருக்கும் அந்தப் பழைய கேம்பர் வேனைப் போன மாதம்தான் வாங்கியிருந்தார். முதல் பயணத்திலேயே, ஏரிக்கரைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் இருக்கும்போது, பின்பக்க இடது டயர் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

அவள் கணவன் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவன். டயர் மாற்றுவது எப்படி என்று போனில் வீடியோ தேடிக்கொண்டிருந்தான். தெரிந்தவள் பக்கத்திலேயே நிற்கிறாள் என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வாத்தியார் நட்டுகளைத் தளர்த்தாமலே, ஈர மண்ணில் நேராக ஜாக்கியை வைத்துத் தூக்க ஆரம்பித்தார்.

"அண்ணா, ஜாக்கிக்கு அடியில பலகை வைங்க. முன் சக்கரத்துக்குக் கல்லு கொடுங்க. அண்ணி வேற உள்ள படுத்திருக்காங்க!"

"எல்லாம் தெரியும்மா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து, தலைவலி என்று கண்ணை மூடிப் படுத்திருந்த நாத்தனாரைக் கையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினாள். இறக்கி நாலடிகூட வைத்திருக்க மாட்டார்கள், ஜாக்கி மண்ணில் புதைந்து சாய, வேன் 'தொம்' என்று உட்கார்ந்தது. உள்ளே அலமாரி திறந்து, தட்டும் குக்கரும் படுக்கை மேல் கொட்டின. வாத்தியார் பின்னால் துள்ளி, சேற்றில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க," என்றாள். குரலில் மரியாதை கொஞ்சம் குறைந்துதான் இருந்தது.

சமையல் மேடையிலிருந்த காய் நறுக்கும் பலகை ஜாக்கிக்கு அடியில் போனது. முன் சக்கரங்களுக்குக் கல். யாரோ மெஷினில் வெறி பிடித்தமாதிரி முறுக்கியிருந்த நட்டுகள் கைக்கு அசையவில்லை. ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதித்தாள். அரை மணி நேரத்தில் ஸ்டெப்னி ஏறியது. நட்டுகளை எதிரெதிராக இறுக்கி முடித்தபோது முழங்கை வரை கரி.

ஏரிக்கரையில் பக்கத்து வேன்காரர்கள் விசாரித்தார்கள். வாத்தியார் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "டயர் பஞ்சர். நானும் மச்சானும் சேர்ந்து சட்டுன்னு மாத்திட்டோம்," என்றார். அவள் கணவன் சிரித்து வைத்தான்.

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவள் காதில் எல்லாம் விழுந்தது. அவர் பொய் சொன்னதைவிட இவன் சிரித்ததுதான் நெஞ்சில் சுட்டது. சற்று நேரத்தில் அவன் சோப்பு டப்பாவோடு வந்து நின்றான்.

"தப்புதான். மன்னிச்சுக்கோ. மச்சான் மானம் போயிடுமேன்னு..."

"என் மானம்? உங்கக்கா உயிர்?"

அவன் சோப்பு டப்பாவை நீட்டினான்.

"மன்னிப்பெல்லாம் எங்கிட்ட வேணாம். எங்க நின்னு சிரிச்சியோ அங்க போய்ச் சொல்லு."

"இப்பவா? எல்லாரும் இருக்காங்களே."

"அதனாலதான் இப்பவே."

அவன் தயங்கித் தயங்கிப் போனான். நாற்காலிகளுக்கு நடுவே நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "டயரை நாங்க மாத்தல. என் பொண்டாட்டிதான் மாத்தினா. நாங்க வண்டியைக் கீழ போட்டோம்," என்று அவன் சொன்னது குழாயடி வரை கேட்டது. வாத்தியார் ஏதோ மறுக்கப் போனார். அதற்குள், "வாயை மூடுங்க, உள்ள படுத்திருந்தது நானு," என்று நாத்தனார் போட்ட அதட்டல் ஏரி முழுக்கக் கேட்டிருக்கும்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் இன்னும் அடங்கவில்லை. நகக்கண்ணில் ஒட்டியிருந்த கரியைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.