விளக்கடியில் வைத்த பெட்டி

பூங்கோதையின் ஃப்ரிட்ஜில், தயிருக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே, சஹானாவின் கால் இருந்தது என்றே சொல்லலாம்.

சஹானா, பவானிபூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் சிவலிங்கத்தின் மகள். மினிபஸ் மோதி முறிந்த கால் எலும்பு சீழ் பிடித்துவிட்டது. காலையே எடுத்துவிடலாம் என்றார்கள். பூங்கோதைதான் தன் ஆய்வுக்கூடத்தில் வேறு வழி கண்டாள். புது எலும்பு பற்றி வளர கடற்பஞ்சு மாதிரி ஒரு துண்டு. அதன் துளைகளில் மருந்து உருண்டைகள். மருந்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய வேண்டும். முன்பே சூடு பட்டு இளகியிருந்தால், உள்ளே போனதும் மொத்தத்தையும் கொட்டிவிடும். அத்தனையை எந்தச் சிறுநீரகம் தாங்கும்?

பூஜா விடுமுறைக்கு ஆய்வுக்கூடத்தைப் பூட்டியதால், அந்தத் துண்டை வைத்த பெட்டி வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வந்தது. யாரும் தொடக் கூடாது என்று கணவன் மஹாதேவனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

விடுமுறை முடிந்தது, ஆபரேஷனும் முடிந்தது. மறுநாள் காலிப் பெட்டியைக் கழுவும்போதுதான் அடியில் அதைப் பார்த்தாள்.

"என்னங்க, இதுல சந்தனம் எப்படி வந்துச்சு?"

மஹாதேவன் கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் என்ஜினியர். ஆயுத பூஜை என்றால் ஸ்பானரைக்கூடக் குளிப்பாட்டிப் பொட்டு வைக்கிற மனுஷன். பெருமையாகச் சிரித்தார்.

"ஆயுத பூஜை அன்னிக்கு நீ ஆஸ்பத்திரியிலேயே தங்கிட்ட. உன் ஆயுதம் இதுதானேன்னு என் ஸ்பானரோட சேத்து வச்சேன். உள் கவரைப் பிரிக்கவே இல்லம்மா, சத்தியமா."

"எவ்வளவு நேரம்?"

"என்ன கேள்வி இது! வச்சதை விஜயதசமி காலைலதானே எடுப்போம்? எடுத்த கையோட ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டேன். அதுவரைக்கும் குத்துவிளக்கு பக்கத்துலயே இருந்துச்சு. விடியற வரைக்கும் அணைய விடலையே!"

அடப் பாவி மனுஷா! அவள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். வார்டில் சிவலிங்கம்தான் எடுத்துப் பேசினார்.

"டாக்டரம்மா! காய்ச்சல் சுத்தமா இறங்கிடுச்சு. உங்க கையைக் கண்ல ஒத்திக்கணும்."

"ஒண்ணுக்குப் போனாளா?"

"நேத்து சாயந்திரத்துலேர்ந்து இல்ல. நர்ஸ் தீதி தண்ணி நிறையக் குடிக்கச் சொன்னாங்க. முகம் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கு."

அந்தத் துண்டை எடுத்தால் கால் போகும். விட்டால் பிள்ளையே போய்விடும்.

"சர்ஜனைக் கூப்பிடுங்க. இப்பவே. திரும்பத் திறக்கணும்."

சிவலிங்கம் நர்ஸைக் கூவி அழைப்பது கேட்டது. பிறகு மறுபடி போனுக்கு வந்தார்.

"காலுக்கு ஒண்ணும் ஆகாதே, டாக்டரம்மா?"