கைக்கு எட்டாத ஜகாத்

உளுந்துக் கடையை விற்ற பணத்தை வங்கியில் தன் பெயரில் போட்டுவிட்டு வந்த சில நாளில் மஸ்தான் கனிக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. உயிர் தங்கியது, புத்தி திரும்பவில்லை. மனைவி மீராளையே, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

ரமலான் பிறந்ததும் மீராளுக்கு ஜகாத் ஞாபகம் வந்தது. பணம் அசையாமல் ஒரு வருஷம் கிடந்துவிட்டதே, நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுத்தாக வேண்டும். திருப்பூரிலிருந்த மகன் நெய்னாருக்குப் போன் போட்டாள்.

"வாப்பாவுக்குத்தான் புத்தி இல்லையே உம்மா. தொழுகையே கடமையில்ல, ஜகாத்து மட்டும் என்ன?"

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. பள்ளிவாசல் இமாமிடம் போய்க் கேட்டாள்.

"தொழுகை ஆளோட போச்சும்மா. ஜகாத்து பொருள்ல நிக்கி. நம்ம ஷாஃபி மத்ஹபு சட்டத்துல, சித்தம் கலங்குனவிய பொருள்லயும் ஏழைக்குப் பங்கு உண்டு. பொறுப்பா இருக்கவிய எடுத்துக் கொடுக்கணும்."

"எடுக்க முடியலன்னா ஹஜ்ரத்?"

"முடியாததுக்கு அல்லா குத்தம் பிடிக்க மாட்டான். ஆனா கடமை அப்படியேதான் நிக்கும்."

வங்கி மேனேஜர் தன்மையாகத்தான் பேசினார். "அவர் கையெழுத்து வேணும்மா. இல்லன்னா கோர்ட்டுல உங்களை கார்டியனா போட்டு உத்தரவு வாங்கிட்டு வாங்க."

மனுப் போட்டாள். டாக்டர் சான்றிதழ் சரியில்லை என்று வாய்தா நோன்புப் பெருநாளுக்கு அப்புறம் தள்ளிப்போனது. தன் கையிலிருந்து கொடுக்கலாமென்றால், நகையெல்லாம் மதுரை ஆஸ்பத்திரியிலேயே கரைந்திருந்தது. நெய்னார் அனுப்புவது மாத்திரைக்கே பற்றவில்லை.

பெருநாளுக்கு முந்தின நாள் ஆசியா வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள், புருஷன் இல்லாதவள். போன தடவை இங்கே வாங்கிய ஜகாத்தில்தான் மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டியிருந்தாள்.

"சும்மா மாமாவைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மாமி."

"உன் பங்கு அங்கன பேங்குல கெடக்குடி," என்றாள் மீராள். "என்னால எடுக்க முடியல."

நாற்காலியில் இருந்த மஸ்தான் கனி ஆசியாவை உற்றுப் பார்த்தார். கை சட்டைப்பைக்குப் போனது. துழாவியது. மறுபக்கம் பையே இல்லை, அங்கேயும் துழாவியது. மீராள் அந்தக் கையைப் பிடித்தாள். உதறினார்.

"கடைச்சாவி எங்க மீராளு? இந்தப் பிள்ளைக்குக் கொடுக்கணும்லா."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் அவள் பெயர் வந்திருக்கிறது. அவளால் சந்தோஷப்பட முடியவில்லை.

ஆசியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். உள்ளே அவர் இன்னும் சாவியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.