குரலுக்கு முதலிடம்

தலை துவட்டிக்கொண்டிருந்தவளின் மடியில் நாத்தனார் கைபேசியைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்றே சொல்லலாம். திரையில் ஒருவன் இரண்டு கைகளையும் மார்புயரத்துக்குத் தூக்கி, ஒரு விரலை மடக்கி, கண் பாதி மூடியபடி அப்படியே நின்றிருந்தான். தும்மப் போகிறவனைப் போல. இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் சிரிக்கவில்லை.

நாத்தனாருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. திரையில் நின்றவனுக்கும் அப்படித்தான். வேறோர் ஊரில் அச்சகத்தில் வேலை. மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பான். அவனுடைய மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் வீடியோவில் கைகளால் பேசிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் அவளுடைய அண்ணன், அதாவது இவள் கணவன், அந்தப் பக்கம் போனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் போவான். அந்த வீட்டில் ஒட்டுக்கேட்பது காதால் இல்லை கண்ணுகளா, கண்ணால். சின்ன வயதில் எட்டிப் பார்த்துத் தங்கையிடம் நன்றாகக் கிள்ளு வாங்கியவன் அவன்.

வாழ வந்தவளுக்குக் கைப்பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. சாப்பிட்டாயா, வா, கோபமா, இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஒருவருக்கொருவர் கைபேசியில் எழுதிக் காட்டுவார்கள். நாத்தனார் இப்போது எழுதினாள்.

"நேத்து நின்னப்ப எடுத்து வெச்ச படம். ஒரு வாரமா இப்படித்தான் அண்ணி. நான் பேசறதும் அவருக்குப் பாதியிலயே நின்னுடுதாம்."

ஒரு வாரம் என்றதும் இவளுக்குத் துணுக்கென்றது. வீட்டு இணைய ரவுட்டரில் இவள் கை வைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

வீட்டின் முன்னறைதான் அலுவலகம். சமையலறை அலமாரிகள் வடிவமைத்துத் தருகிற தொழில். வரைவது தங்கை, வாடிக்கையாளரிடம் பேசுவது அண்ணன். பேசும்போதெல்லாம் குரல் விட்டுவிட்டுப் போகிறது என்று அவன் புலம்பியபடி இருந்தான். "கிணத்துக்குள்ளருந்து பேசறீங்களான்னு கேக்கறாங்கம்மா. நீ என்ன நெட்வொர்க் எஞ்சினியர், சொந்த வீட்டு லைனைச் சரி பண்ண மாட்டியா?" என்று அவன் குத்தவும், இவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வருகிற இணையம் குறுகலான மாடிப்படி மாதிரி. ஒருவர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஏறினால் பின்னால் வருகிறவர் நிற்க வேண்டியதுதான். யார் முதலில் ஏறலாம், யாருக்கு எவ்வளவு இடம் எப்போதும் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்லி வைக்கலாம். இவள் சொல்லி வைத்தாள். முதலில் குரல். அடுத்தது அலுவலகக் கூட்டமும் வரைபடங்களும். வீட்டுக் கைபேசிகளில் ஓடுகிற வீடியோவெல்லாம் கடைசி. பொழுதுபோக்குதானே. அன்றைக்கே கணவன், "கணீர்னு கேக்குது, நீ கெட்டிக்காரி!" என்று கொண்டாடினான். இவளும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

குரலுக்குத்தான் முதலிடம் கொடுத்தோம் என்று நினைத்திருந்தாள். அந்த வீட்டில் ஒருத்தியின் குரல் படமாகத்தான் போகும் என்பது, தினமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்கு, அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

நாத்தனார் மறுபடி எழுதினாள். "கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டுட்டார். இன்னைக்குப் பதில் சொல்றேன்னேன். நான்தான் வேணும்னே வீடியோவை நிறுத்தறேன்னு நினைக்கறார். பிடிக்கலைன்னா பரவாயில்ல, இனி கூப்பிட மாட்டேன்னு காலையில எழுதி அனுப்பியிருக்கார்."

"பதிலை எழுதி அனுப்பிடேன்" என்று இவள் எழுதிக் காட்டினாள்.

நாத்தனார் இவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எங்கண்ணனுக்குச் சீட்டு எழுதித்தான் சம்மதம் சொன்னீங்களா? மூஞ்சி பாக்காமலா?"

இவள் ஈரத்தலையோடு முன்னறைக்கு எழுந்து போனாள். கணவன் வரைபடங்களைத் திரையில் வரிசையாக விரித்து வைத்துக்கொண்டிருந்தான். புதிதாகக் கட்டுகிற குடியிருப்பு முழுவதற்கும் அலமாரி செய்யும் வேலை. அதைக் கட்டுகிறவரோடு காலையில் வீடியோவில் நடக்க வேண்டிய கூட்டம் மதியத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. அதே சாப்பாட்டு நேரத்துக்கு.

"ஏங்க, உங்க தங்கச்சி போனை மேல ஏத்தணும். இப்பவே."

"இன்னிக்கா? விளையாடறியா? வரைபடத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டணும்னு அந்த ஆளு சொல்லியிருக்காரு. படம்தானே, கூட்டம் முடிஞ்சப்புறம் பேசட்டும்."

"அவ பேசறவருக்குச் சாப்பாட்டு நேரம் மட்டுந்தான். இன்னிக்கு விட்டா இனி கூப்பிட மாட்டாராம். உங்களுக்குக் குரல் விட்டுப்போனா வேலை போயிடும்னு பயந்தீங்க. அவ வாயை ஒரு வாரமா நான் கட்டிப் போட்டிருக்கேங்க."

"ரெண்டும் சேர்ந்து போகாதா?"

"உங்க படமும் அவ படமும் சேர்ந்து போகாது. யாராவது ஒருத்தர்."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதிலிருந்த ஒவ்வொரு கோடும் தங்கை போட்டது. மோவாயைத் தேய்த்தான். கழுத்துப் பட்டையைத் தளர்த்தினான்.

"அலமாரியை வாயால எப்படிம்மா விளக்கறது?" என்றான். பிறகு, கொஞ்சம் எரிச்சலாகவே, "சரி, ஏத்து" என்றான்.

இவள் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, நாத்தனாரின் கைபேசியைக் கடைசி வரிசையிலிருந்து எடுத்து, குரலுக்கான இடத்தில் வைத்தாள். நடுக்கூடத்தில் சன்னலோரம், வெளிச்சம் கைகளில் விழுகிற இடத்தில் நாத்தனார் உட்கார்ந்தாள். கைபேசியைத் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைத்தாள். முன்னறைக்கும் கூடத்துக்கும் நடுவே கண்ணாடிக் கதவு மட்டும்தான்.

கூட்டம் தொடங்கியது. "என்னங்க, படமே வரலையே?" என்றது ஒலிபெருக்கி.

"இன்னிக்கு லைன் அப்படிங்க. நான் சொல்றேன், நீங்க கண்ணை மூடிக் கேளுங்க."

"கண்ணை மூடினா தூங்கிடுவேன். சாப்பிட்டு வந்திருக்கேன்" என்றார் அந்த ஆள். சிரித்தாரா, முறைத்தாரா, தெரியவில்லை.

அவன் சொல்ல ஆரம்பித்தான். மேல் தட்டு, கீழ் இழுப்பறை, மூலையில் சுழல்கிற பலகை. சொல் தடுமாறியது. கைகள் தடுமாறவில்லை. தங்கையோடு வளர்ந்த கைகள் அல்லவா, யாரும் பார்க்காவிட்டாலும் காற்றில் பலகைகளை அடுக்கிக்கொண்டே இருந்தன.

கூடத்தில் கைபேசி ஒளிர்ந்தது. தும்மப் போனவன் இப்போது அசைந்தான். புருவம் ஏறியது, உதடு துடித்தது, கைகள் கேள்வியோடு விரிந்து காத்திருந்தன. நாத்தனார் முன்னால் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். இரண்டு கைகளும் மடியிலிருந்து மெதுவாக எழுந்தன.

இவள் கதவருகே நின்று பார்த்தாள். பார்த்தாலும் புரியாது. புரிகிறவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேச்சை ஒரு கணம் நிறுத்தியிருந்தான்.

"ஹலோ, இருக்கீங்களா?"

"இருக்கேங்க, இருக்கேன்" என்றபடி அவன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். முதுகு மட்டும் தெரிந்தது. சுவரைப் பார்த்து, வலது கையை நீட்டி, இல்லாத கைப்பிடியைப் பிடித்து, இல்லாத கதவொன்றை மெல்லத் திறந்துகொண்டிருந்தான்.