செருப்பில் சேராது

வலது கால் பூட்ஸைப் பொன்னாயி அரிசிப் பானைக்குள் போட்டு மூடி, மூடிமேல் அம்மிக் குழவியையும் தூக்கி வைத்துவிட்டாள். இடது கால் பூட்ஸ் அதற்குள் காத்தானின் காலில் ஏறிவிட்டது. மூன்று அங்குலக் குதிகாலோடு ஒரு கால், வெறுங்காலாக மறுகால். பரிசலில் எழுந்து நிற்பவனைப் போல ஆடிக்கொண்டே அவன் அந்த ஒற்றை அறைக்குள் தேடினான். அடுப்படி, பாய்ச்சுருள், கோழிக்கூடை. கோழி மட்டும் கத்தியது.

“பொன்னாயி, பத்து மணி பஸ்ஸு போயிரும். குடுத்துரு.”

“பையில போட்டு எடுத்துட்டு வா. பஸ்ஸு நிக்கற எடத்துல போய்ப் போட்டுக்க. ஆரு வேண்டாங்கறா?”

“பையில போடறதுக்கா மூணு மாசம் ஒக்காந்து தெச்சேன்?”

“எங்கண்ணனும் இப்பிடித்தான் மச்சா வீறாப்பாப் பேசுச்சு.”

காத்தான் கோழிக்கூடையை இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தான்.

ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருக்கும் அவர்களுடைய வளவிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு ஒரே வழிதான். அது மேல்வீதி வழியாகப் போகிறது. வீதி தொடங்கும் இடத்தில் ஒரு புளியமரம், முடியும் இடத்தில் பால் சொசைட்டி. நடுவில் இருநூறு காலடி இருக்கும். வளவு ஆட்கள் புளியமரத்தடியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பால் சொசைட்டியைத் தாண்டியதும் போட்டுக்கொள்ளலாம். எந்தக் காகிதத்திலும் எழுதாத சட்டம். அந்த வீதியில் நடக்கிற அத்தனை செருப்பையும் தைத்துக் கொடுத்தது வளவுதான் என்பதில் சட்டத்துக்கு அக்கறை இல்லை. போன பொங்கலுக்குப் பொன்னாயியின் அண்ணன் வீரன் ஏதோ நினைப்பில் கழற்ற மறந்து பத்து எட்டு வைத்துவிட்டான். செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு வீதியை மூன்று முறை சுற்றச் சொன்னார்கள். சுற்றினான். அன்று சாயங்காலமே திருப்பூருக்குப் பஸ் ஏறியவன், தங்கையின் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை.

கல்யாணமாகி நாற்பது நாள். இன்றைக்குத்தான் பொன்னாயியைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். அஸ்தம்பட்டியில் ஒரு பூட்ஸ் கடையில் அவனுக்கு வேலை.

எழுபத்தெட்டாம் வருஷம். பெல்பாட்டம் கால்சட்டைகள் சேலத்து ரோடுகளை இலவசமாகக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தன. அதற்குள் போட்டுக்கொள்ள உயரக் குதிகால் பூட்ஸ் கேட்டு ஆண்கள் கடைக்கு வந்தார்கள். தோளே இல்லாதவர்களைப் போல வந்தார்கள். ஏதோ ஆபீஸில் கிளார்க்காம், ஒருவர் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்வதற்கே மூன்று முறை தொண்டையைக் கனைத்தார். காத்தான் பூட்ஸை மாட்டி, ஜிப்பை இழுத்துவிட்டான். அவர் எழுந்து நின்றார். “கண்ணாடி எங்கப்பா?” என்ற குரல் வாசல்வரை கேட்டது. பழைய செருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு, ஹாரன் அடித்த லாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டைக் கடந்து போனார்.

முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவனுக்கு உலகம் முழங்கால்வரைதான் தெரியும். அங்கிருந்தே காத்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தான். உயரக் குதிகாலில் நின்றுகொண்டு கூன முடியாது. கூனினால் மூக்கு தரையில். நெஞ்சை நிமிர்த்தித்தான் ஆக வேண்டும். தைரியம் வந்து உடம்பு நிமிர்வதில்லை. உடம்பு முதலில் நிமிர்கிறது, தைரியம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்து சேர்கிறது.

மிச்சம் விழுந்த தோலில் தனக்கும் ஒரு ஜோடி தைத்துக்கொண்டான். கரும்பழுப்பு நிறம், பக்கவாட்டில் ஜிப். முதல் ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ரோட்டில் நடந்தபோது டீக்கடைக்காரர், “சாருக்கு என்ன வேணும்?” என்றார். காத்தான் திரும்பிப் பார்த்தான். பின்னால் எந்த சாரும் இல்லை. இன்னொரு தரம் கேட்பதற்காக இன்னொரு டீ குடித்தான். மூன்றாவது டீக்கு வயிறு இடம் கொடுக்கவில்லை.

ஒரு நாள் அந்தக் கடைக்கு அவன் ஊர் நிலக்காரரான பண்ணாடி சின்னுசாமியின் மகன் செங்கோட்டையனே வந்துவிட்டான். செங்கோட்டையன் குள்ளம். ஜேடர்பாளையத்துப் பக்கம் பார்த்திருந்த பெண் வசந்தாமணி, கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம்.

“காத்தா, நீயா? நல்லதாப் போச்சு. ஒசரமா வெச்சுக் குடுடா. ஊர்ல ஆருகிட்டயும் மூச்சு உட்றாத.”

மாட்டிக்கொண்டு எழுந்தவன் தள்ளாடி, காத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டான். கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தோளை விடாமல் நடந்து பழகினான். சேலத்தில் தோள் வெறும் தோள்தான். அதே தோளை ஊரில் தொட்டிருந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போயிருப்பான்.

அந்தப் பூட்ஸோடுதான் போன வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பெண் பார்த்தார்கள். காத்தானின் அப்பன் காளியப்பன் பண்ணாடியிடம் பண்ணையாள். மதிலுக்கு வெளியே வண்டிமாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். நேற்று அதைச் சொல்லிச் சொல்லி வளவே சிரித்தது.

சிரித்த காளியப்பன் இப்போது வேகுவேகென்று வந்து வாசலில் நின்றான்.

“டே காத்தா, பண்ணாடியூட்டு வாசல்ல பந்தல் போட்டு ஒறம்பரையெல்லாம் வந்து எறங்கியாச்சு. இன்னைக்கு நிச்சயம். இன்னைக்கு வேண்டாஞ்சாமி. நான் அந்த மனுசன்கிட்டக் கஞ்சி குடிக்கறவன். இந்த ஊடு நிக்கற நெலமும் அவருதுதான்.”

“இன்னைக்குத்தாம்ப்பா நல்ல நாளு.”

“என்னடா சொல்ற?”

காத்தான் ஒற்றைப் பூட்ஸோடு வாசல் இறங்கினான். இடது தோள் மேலே, வலது தோள் கீழே. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, புளியமரத்தைப் பார்த்து நடந்தான். பொன்னாயிக்குப் பயத்துக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அடிபட்டால்கூட ஒரு நாள் ஆறிப்போகும். இந்தக் கோலத்தில் மேல்வீதி பார்த்தால் ஏழு தலைமுறைக்குச் சிரிப்பார்கள். குழவியைத் தள்ளி, பானைக்குள் கையை விட்டு, பூட்ஸை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“இந்தா, எழவு. ரெண்டையும் போட்டுட்டு ஒழுங்காப் போயி அடிவாங்கு.”

பூட்ஸுக்குள்ளிருந்து ஒரு பிடி அரிசி கொட்டியது. கொஞ்சம் உள்ளேயே தங்கிவிட்டது.

புளியமரத்தடியில் பொன்னாயி தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். காத்தான் ஜிப்பை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

வீதி கருங்கல் பாவிய வீதி. டக். டக். டக். அப்படி ஒரு சத்தத்தை வளவுக்காரனின் கால் அங்கே எழுப்பியதில்லை. காத்தானுக்கு முதுகெல்லாம் குளிர்ந்தது. அதோடு தலைக்குள் கிறுகிறுவென்று ஒரு சந்தோஷமும் ஏறியது. மூன்று அங்குலத்தில் மேல்வீதி வேறு மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் கல்லையே பார்த்துப் போனவனுக்கு இன்றைக்குத்தான் ஜன்னல்கள் தெரிந்தன. கட்டைச்சுவருக்கு அந்தப் பக்கம் கொடியில் காய்கிற உள்பாவாடைகள் தெரிந்தன. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி கிழிந்த உள்பாவாடைகள். உள்ளே தங்கிய அரிசி வேறு பாதத்தைக் குறுகுறுக்க வைத்தது. சிரித்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான். அவன் பல்லைக் கடிப்பதைப் பார்த்து, கோபத்தில் வருகிறான் என்று இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“நில்றா.”

பந்தலுக்குள்ளிருந்து சின்னுசாமி வந்தார். பின்னால் கயிற்றுக் கட்டில்களில் உறவும் விருந்துமாக முப்பது ஒறம்பரை. நடுவில் செங்கோட்டையன். ஒறம்பரைக்கு முன்னால் உட்காரக் கூடாதென்று நின்றுகொண்டே இருந்தான். அவன் காலில் கரும்பழுப்பு நிறம், பக்கவாட்டில் ஜிப்.

“கால்ல என்றா அது?”

“பூட்ஸுங்க சாமி.”

“கழட்டு.”

காளியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்து மகனின் முதுகை அமுக்கினான். “குனிடா. குனிஞ்சு கும்புடு.”

“குனிஞ்சா உழுந்துருவம்ப்பா” என்றான் காத்தான். அது எதிர்ப்பேச்சு இல்லை. உண்மையிலேயே விழுந்துவிடுவான். பந்தலுக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“ஒறம்பரை முன்னால பாக்கறனேன்னு பொறுமையாச் சொல்றேன். செருப்பக் கழட்டிக் கையில எடுறா.”

“செருப்புன்னாக் கழட்டிப் போடறனுங்க சாமி” என்றான் காத்தான். நெஞ்சு நிமிர்ந்திருந்ததால் குரல் நேராக வந்தது. “போன வெள்ளிக்கெழம கோயில்ல பூசாரி, செருப்போட உள்ள வரலாமான்னு சின்னப் பண்ணாடியக் கேட்டாருங்களாமா. இது பூட்ஸு, செருப்புல சேராதுன்னு நீங்கதான் நாயஞ் சொன்னீங்களாம். அம்மனுக்கு முன்னாடி நீங்க சொன்ன வாக்க நம்பித்தானுங்க போட்டுட்டு வந்தேன்.”

கட்டில் ஒன்று கிறீச்சிட்டது. பெண்ணின் தாய்மாமன் கருப்பண்ணன் எழுந்தார். ஆறடி இருப்பார்.

“ஆமாங்க மச்சா, சொன்னீங்க. நாங்கூடப் பக்கத்துல இருந்தேன். எனக்கு அப்பவே மனசு ஒப்பலீங்க. உங்கூரு வழக்கம்னு பேசாம இருந்துட்டேன்.” காத்தானின் காலைப் பார்த்தார். மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார். மறுபடியும் காத்தானின் காலைப் பார்த்தார். “ரெண்டும் ஒரே சரக்குத்தானுங்களே. இது செருப்புன்னா, அன்னைக்குச் செருப்புக் காலோடதான் எங்க புள்ளையச் சாமி முன்னால நிறுத்திப் பாத்திருக்கீங்க. அப்பிடீன்னா மாப்ள அதையுங் கழட்டிட்டு வரட்டும், ஒரு சொம்புத் தண்ணி ஊத்திச் சாமிகிட்டத் தப்புச் சொல்லிட்டு அப்பறம் தட்டு மாத்தலாம்.”

கழற்றுவது என்றதும் செங்கோட்டையனின் முகத்தில் ரத்தம் இல்லை. வாசல்படியில் வசந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். இந்த நிமிஷத்தில் மூன்று அங்குலம் போனால், அந்தப் பெண்ணின் காதுமடலுக்குத்தான் அவன் எட்டுவான்.

“அப்பா” என்றான் அவசரமாக. “பூட்ஸு எப்பிடிங்ப்பா செருப்பாகும்? அது வேற, இது வேற. போகட்டும், உடுங்க.”

வீதியே சின்னுசாமியின் வாயைப் பார்த்தது. அவர் காத்தானைப் பார்க்கவில்லை. மகனின் குதிகாலைத்தான் பார்த்தார், அதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவரைப் போல.

“செருப்பு இல்ல” என்றார் கடைசியில். “பூட்ஸுதான். போ.”

காத்தான் போனான். டக். டக். டக். இன்னும் நூற்றுப்பத்துக் காலடி பாக்கி இருந்தது. அத்தனையையும் ஆசை தீர வைத்தான். பின்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி வந்த பொன்னாயி, பால் சொசைட்டியைத் தாண்டியதும் செருப்பைக் கீழே போட்டாள். அதில் காலை நுழைக்க முடியாமல், வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“அப்பிடியே தொரை மாதிரி நடக்கறியே மச்சா. எனக்கு உசுரே போயிருச்சு.”

“பாதத்துல அரிசிடி. குத்திக் கொன்னுபோட்டுது.”

அதனால் ஊருக்கு நியாயம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு வார்த்தை வாய் தவறியது, அவ்வளவுதான். நிச்சயம் முடிந்து ஒறம்பரை போனதுமே சின்னுசாமி வளவுக்கு ஆள் அனுப்பினார். பூட்ஸைப் பற்றி அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சொன்னால் ஜேடர்பாளையம்வரை பதில் சொல்ல வேண்டும். காளியப்பனைப் பண்ணையத்தை விட்டு நிறுத்தினாலும் ஏன் நிறுத்தினீர்கள் என்று சம்பந்தி வீட்டில் கேட்பார்கள். ஆகவே, செருப்பு விஷயத்தில் பழைய வழக்கம் பழைய வழக்கம்தான், அதில் மாற்றம் இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினார். செருப்பைப் போட்டுக்கொண்டு வீதியில் கால் வைத்தால் வீரனுக்கு நடந்ததுதான் நடக்கும்.

வளவு அந்தச் சொல்லைக் கவனமாகக் கேட்டுக்கொண்டது.

காத்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ்ஸில் ஒரு மூட்டை கொண்டுவந்தான். கடையில் மிஞ்சிய தோல் துண்டுகள், நாமக்கல் லாரிப் பட்டறையில் தள்ளிய டயர். டயரை அறுத்து அடுக்கினால் மூன்று அங்குலம் தாராளமாக வரும். தைப்பொங்கலுக்குள் வளவில் பத்தொன்பது ஜோடி ஆகிவிட்டது.

ஊர் பார்க்காத காட்சியை அதற்குப் பிறகு ஊர் தினமும் பார்த்தது. களை வெட்டப் போகிறவர்களும், சந்தைக்குப் போகிறவர்களும் புளியமரம்வரை செருப்புக் காலோடு வருவார்கள். அங்கே செருப்பைக் கழற்றி, வழக்கப்படி கையில் எடுத்துக்கொள்வார்கள். தோளில் தொங்கும் பூட்ஸை இறக்கி மாட்டுவார்கள். விழாமல் இருப்பதற்காக நெஞ்சை நிமிர்த்தி, கையைக் கோத்து, டக்கடக்கடக்கென்று மேல்வீதியைக் கடப்பார்கள். கோவணத்துக்குக் கீழே பூட்ஸ். பால் சொசைட்டிக்கு அந்தப் பக்கம் போனதும் அப்பாடா என்று பூட்ஸைக் கழற்றிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொள்வார்கள். இரண்டு பேருக்குக் கணுக்கால் பிசகியது. எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் நடந்தார்கள்.

மாசி மாதம் ஒரு காலை, வாசலில் பல் குச்சியோடு நின்ற சின்னுசாமியின் முன்னால் காளியப்பன் வந்தான். அறுபது வயது. ஒரு கையில் தடி, ஒரு கையில் பழைய செருப்பு, காலில் டயர்க் குதிகால்.

“ஏன்டா காளியப்பா, சாகப்போற வயசுல உனக்கு இந்தக் கூத்து வேணுமா? காலு மடங்கி உழுந்தீன்னா என்றா பண்ணுவ?”

காளியப்பன் நாற்பது வருஷப் பழக்கத்தில் குனியப் பார்த்தான். குதிகால் விடவில்லை. தடியை ஊன்றிச் சமாளித்து நிமிர்ந்தான். நிமிர்ந்தபோது அவன் கண்ணும் பண்ணாடியின் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன. அதற்கு அவனால்தான் என்ன செய்ய முடியும்.

“நானென்னுங்க சாமி பண்றது” என்றான். “செருப்புப் போடக் கூடாதுங்களே.”